பல ஆட்டங்களும் ஓர் உயிரும்

கைப்பேசியில் நான்கைந்து வீடியோ விளையாட்டுகளை ஒரே காலத்தில் நடத்திவருவதும், அவற்றுள் ஒன்றையும் முடிக்காமலும் ஒன்றையும் கைவிட மனமின்றியும் இருப்பதும், திருவொற்றியூர், எண்ணூர், வள்ளூர் பகுதி இளைஞரிடையே மட்டுமன்றி எங்கும் காணப்படும் வழக்கமாகிவிட்டது. இதனை நேரவிரயம் என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இதன் அடியில், மனம் ஒரே கணத்தில் பலவற்றைப் பற்ற வல்லதா, அவ்வாறு பற்ற முயலும் உயிருக்கு என்ன நேர்கிறது என்னும் பழைய மெய்யியல் வினா ஒன்று கிடக்கிறது.

அளவையியலை முதன்மையாகக் கொண்ட நியாய தரிசனம் இவ்வினாவின் முதற்பகுதிக்கு இல்லை என்றே விடையளிக்கிறது. ஐம்பொறிகளும் தத்தம் பொருள்களோடு ஒருங்கே கூடியிருந்தும் அறிவுகள் ஒருங்கே தோன்றாமையே மனம் என ஒன்று உண்டு என்பதற்கு அடையாளம் என்று கௌதமரின் நியாய சூத்திரம் கொள்கிறது. மனம் அணுவளவினது, ஒரு கணத்தில் ஒன்றையே தொடுவது. பலவற்றை ஒருங்கே அறிவதாக நமக்குத் தோன்றுவது, சுழற்றப்படும் கொள்ளிக்கட்டை வட்டமாகத் தோன்றுவதை ஒத்ததே என்றும், விரைவே அம்மயக்கத்தை விளைக்கிறது என்றும் அந்நூல் விளக்குகிறது.

இக்கொள்கைக்கு மறுப்பாக அவதானக் கலையைக் காட்டலாம். பலர் இடையிட்டு இடையிட்டு விடுக்கும் பணிகளை ஏடும் எழுத்தாணியும் இன்றி நினைவில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் வழுவின்றி முடித்துக்கொடுப்பது அவதானம். எட்டுப் பணிகளாயின் அட்டாவதானம், நூறாயின் சதாவதானம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் பெற்றார். கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பதும், முதுகில் எறியப்படும் கற்களை எண்ணுவதும், மணியோசையைக் கணக்கிடுவதும் போன்ற பணிகளோடு சதுரங்கம் ஆடுவதும் இக்கலையில் இடம்பெற்று வந்தமையால், ஆட்டத்தைப் பிறவற்றோடு சேர்த்து நடத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. நுணுகி நோக்கின், அவதானியும் ஒரு கணத்தில் ஒன்றையே தொடுகிறார்; ஆனால் தொட்ட ஒவ்வொன்றையும் அதே அமர்வில் அதன் முடிவுக்குக் கொண்டுசேர்ப்பதால், அவை கலையும்போது அவர்மேல் எந்தக் கடனும் நிற்பதில்லை.

பலவற்றைச் சிதறாமல் கவனிப்பதற்கு வள்ளூரிலேயே இன்னொரு சான்று உண்டு. அங்கே 500 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளைக் கொண்ட அனல்மின் நிலையம் இயங்குகிறது. இத்தகைய நிலையங்களின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்ப்பவர், நீராவியின் அழுத்தம், உலைக்குள் காற்றின் இழுப்பு, டர்பைனின் அதிர்வு, டிரம் எனப்படும், நீரிலிருந்து நீராவியைப் பிரிக்கும் உருளையின் நீர்மட்டம் எனப் பல அளவுகளைத் திரைகளில் தொடர்ந்து நோக்கியிருக்க வேண்டும். டிரம்மில் நீர் மிகத் தாழ்ந்தால் கொதிகலன் குழாய்கள் வெந்து பழுதாகும். மிக உயர்ந்தால் நீர் டர்பைன்வரை சென்று அதன் இதழ்களைச் சிதைக்கும். இத்தனை எண்களும் ஒரே நெருப்பின் நிலையையே கூறுவதால் அவற்றிடையே சென்றுவரும் கவனம் சிதறுவதில்லை. ஆகவே குறை பன்மையில் இல்லை; பலவும் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றனவா என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

இன்றைய விளையாட்டுகள் ஒன்றையொன்று சார்வதில்லை. ஒவ்வொன்றும் உலகில் தான் ஒன்றே இருப்பதாகக் கருதி ஆடுபவரின் நாள் முழுவதையும் உரிமை கோருகிறது. நாள் தவறாமல் நுழைந்தால் கிடைக்கும் லாகின் பரிசு, ஒருநாள் தவறினாலும் அறுந்துபோகும் ஸ்ட்ரீக் என்னும் தொடர்ச்சி, பணம் கட்டிப் பெற்றபின் சில வாரங்களுக்குள் பணிகளை முடித்தால் மட்டுமே பயன்தரும் ஸீசன் பாஸ் ஆகியவை இக்கோரிக்கையின் கருவிகள். உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் பணிகள் புதுப்பிக்கப்படும் விளையாட்டுகளில் இந்திய நேரம் காலை 5.30க்குப் புதிய கணக்கு தொடங்குவதால், ஆறு மணி ஷிப்ட்டுக்குப் புறப்படுபவர் வேலைக்குச் சேருமுன்பே வேறு மூன்று வேலைகளுக்குக் கைநாட்டு வைத்தாகிவிடுகிறது. முடியாத பணியிலிருந்து வேறொன்றுக்கு மாறுகையில் கவனத்தின் ஒரு பகுதி முந்தியதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முடிவே இல்லாமல் அமைக்கப்பட்ட ஐந்து ஆட்டங்களில் தங்கிவிடும் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று எண்ணவே அச்சம் தருகிறது.

இங்கே இழக்கப்படுவது நேரத்தினும் பெரிது. குறையொன்றும் இல்லாத பரம்பொருள் உலகை ஏன் படைக்க வேண்டும் என்னும் வினாவுக்குப் பாதராயணரின் பிரம்ம சூத்திரம் அது லீலை, அதாவது விளையாட்டு, என்று விடை கூறுகிறது. ஒரு தேவையும் தூண்டாமல், நிறைவிலிருந்து எழும் செயலே விளையாட்டு என்பது அவ்விடையின் உட்கிடை. மனிதர் ஆட்டம் அந்நிறைவை எட்டுவதில்லையாயினும், கடமையிலிருந்து சிறிதுபொழுது விடுபட்ட நிலையையேனும் அது தந்துவந்தது. தவறவிடுவோமோ என்னும் அச்சத்தால் ஆடப்படுவது அந்நிலையையும் இழந்துவிடுகிறது. பெயர் மட்டுமே விளையாட்டாக எஞ்சி, உள்ளே நிலுவை வசூல் நடக்கிறது.

உயிர் தனித்து நிற்பதன்று, எதைச் சார்கிறதோ அதன் இயல்பாகவே ஆவது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. இதன்படி, முடிவுறாத பலவற்றைச் சார்ந்த உயிர் முடிவுறாமையையே தன் இயல்பாகக் கொள்ளும். சார்பின்றி உயிர் நில்லாது என்பதும் அக்கொள்கையின் பகுதியே. எனவே பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி எல்லா விளையாட்டுகளையும் ஒரே நாளில் அழித்துவிடும் பெற்றோர் சார்பை நீக்குவதில்லை, அதன் இடத்தை வெறுமையாக விடுகின்றனர். ஐந்தில் ஒன்றைத் தேர்ந்து அதனை ஓர் எல்லைவரை ஆடி முடிக்க விடுவதே இந்நெறிக்குப் பொருந்திய தொடக்கம் எனலாம். புலி அடைபட்டால் ஆடுபுலி ஆட்டம் தானே முடிந்துவிடும். முடிவில்லாத ஆட்டத்திலோ அவ்வெல்லையை ஆடுபவரே வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான உறுதியைப் பதினாறு வயதினரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது, குருவின் அருகிருந்து பயிலும் மாணவரை மனத்திற்கொண்டு வளர்ந்த இம்மரபு இனித்தான் விடை காண வேண்டிய வினா.