இளையோரும் எட்டாம் கட்டளையும்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் இரண்டு காணொளிகள் கொங்கு நாட்டின் தொழில் நகரங்களைக் கலங்கச் செய்தன. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தியைச் சுமந்துகொண்டு அவை வட மாநிலங்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. உண்மை வேறாக இருந்தது. ஒன்று, திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்ட நிகழ்ச்சி. மற்றொன்று, கோவையில் உள்ளூர்வாசிகள் இரு தரப்பாகப் பிரிந்து மோதிக்கொண்டது. அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு இதனை வெளிப்படையாகவே விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழுவும் நேரில் வந்து தொழிலாளரைச் சந்தித்து விசாரித்தது. ஆயினும் அதற்குள் பனியன் கம்பெனிகளிலிருந்து எத்தனையோ பேர் மூட்டை முடிச்சுகளோடு இரயில் நிலையம் சேர்ந்துவிட்டனர். ஹோலிப் பண்டிகைக் காலமாதலால், பண்டிகைக்குப் போகிறவர் எவர், அஞ்சிப் போகிறவர் எவர் என்று பிரித்தறியவும் இயலவில்லை.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் காணொளிகளில் காணப்பட்ட அடிதடி பொய்யன்று, அது நடந்ததுதான். அதற்குச் சூட்டப்பட்ட பெயரே பொய். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது கைப்பேசிக் காலத்திற்கென்றே சொன்னது போலிருக்கிறது. அதே மார்ச் மாதத்தின் இறுதியில், திருத்தந்தை பிரான்சிஸ் வெண்ணிறப் பஞ்சுக் குளிரங்கி அணிந்து நடப்பது போன்ற படம் உலகெங்கும் பரவியது. அது செயற்கை நுண்ணறிவு வரைந்தளித்த படம். பலர் நம்பினர், பிறகு சிரித்தனர். திருப்பூரில் எவரும் சிரிக்கவில்லை.

சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பகுத்தறியும் கல்வி நம் பள்ளி மாணவருக்குத் தேவையா என்ற கேள்வி எழும்போதெல்லாம், 'ஏமாறாமல் இருக்க அது உதவும்' என்பதே பொதுவான பதிலாக இருக்கிறது. வங்கியின் பெயரால் கடவுச்சொல் கேட்பவனிடமும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டுபவனிடமும் பிள்ளைகள் சிக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் இதனோடு நிற்குமானால் அது தன்னைக் காத்துக்கொள்ளும் சாமர்த்தியம் மட்டுமே. கிறிஸ்தவனுக்கு இது போதுமா?

எட்டாம் கட்டளை, பொய் சொல்லாதே என்பதோடு முடிந்துவிடுவதன்று. அது பொய்ச்சாட்சியைத் தடை செய்கிறது. அயலானின் பெயரைக் காக்கிறது. 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், போதிய ஆதாரமின்றி அயலானின் குற்றத்தை மனத்துக்குள் மௌனமாக ஏற்றுக்கொள்வதையும் இக்கட்டளைக்கு எதிரான குற்றமாகவே கருதுகிறது. மனத்துக்குள் ஏற்பதே குற்றமென்றால், ஏற்றதை நூறு பேருக்கு அனுப்பி வைப்பதை என்னவென்பது? வந்த செய்தியை மேலே அனுப்புகிறவர் தம்மை வெறும் தபால்காரர் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறார். அனுப்பியவர் நம் மாமா என்பதால்தானே அடுத்தவர் அதை நம்புகிறார்! பதின்பருவத்தினர் இக்கல்வியால் பெறும் முதன்மையான பேறு இதுவே: தாம் அறியாத, தமக்காக வாதாட எவருமில்லாத ஒரு மனிதருக்கு நீதி செய்யக் கற்றல். சோட்டா நாக்பூரிலிருந்து இங்கே பிழைக்க வந்த பழங்குடி மக்களில் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வோரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் அவர்களைப் பற்றி ஒரு வதந்தி வந்தால் என்ன செய்வோம் என்பதே சோதனை.

'ஐயுறக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை நாளை மறையுரையையும் ஐயுறுவானே' என்று அஞ்சும் பெற்றோர் இருக்கிறார்கள். இந்த அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடலாகாது. எதையும் நம்பாதவன் அறிவாளி என்ற செருக்கு இன்றைய இளையோரிடம் இல்லாமலில்லை. ஆயினும் குருமடத்தின் விவிலிய வகுப்பில் நாம் முதன்முதலாகக் கற்றது என்ன? இப்பகுதியை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எச்சூழலில், எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று கேட்பதே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் தந்த இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, இலக்கிய வகைகளைக் கருத்தில் கொண்டே மறைநூலுக்குப் பொருள் காணப் பணிக்கிறது. அவ்வாறு கேட்டதால் விசுவாசம் இடிந்து விழுந்துவிடவில்லை. இறைவாக்கை நோக்கியே கேட்கத் துணிந்த கேள்விகளை, முகம் தெரியாத ஒருவன் அனுப்பிய படத்தை நோக்கிக் கேட்கத் தயங்குவானேன்?

ஐயத்திற்கும் ஒரு திசை உண்டு. செய்தியை ஐயுறுவது வேறு, மனிதரை ஐயுறுவது வேறு. ஐயம் எழுகையில் அயலானுக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்கிறார் புனித அக்குவினா தோமையார். தீயவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை தவறுவது, நல்லவனைத் தீயவனென்று எண்ணி ஒருமுறை தவறுவதை விட மேலானது என்பது அவர் கருத்து. வதந்தியோ இதனைத் தலைகீழாக்கி, செய்தியை நம்பச் செய்து மனிதரை ஐயுற வைக்கிறது.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று நாம் வாசிக்கக் கேட்கும் சூசன்னாவின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். குற்றம் சாட்டியவர்கள் மக்களின் நடுவர்களாயிருந்த முதியோர் இருவர். சபை முழுவதும் நம்பிற்று. மரண தண்டனையும் தீர்ப்பாயிற்று. தடுத்து நிறுத்தியவர் தானியேல் என்னும் இளைஞர். அவர் வானத்திலிருந்து அடையாளம் எதையும் கேட்கவில்லை. சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று மட்டும் வினவினார். இருவர் இரு வேறு மரங்களைச் சொன்னார்கள். செய்தியைச் சரிபார்க்கும் வல்லுநர் இன்று செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஒரு பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், அதை விட்டு வெளியேறி, அதே நிகழ்ச்சியைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர் என்று ஒப்பிடுகின்றனர்.

இதனைப் பள்ளியில் கற்பிக்க இயலுமா? மலைக்கு அப்பால், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018ஆம் ஆண்டில் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் பொய்ச்செய்தியை இனங்காணும் வகுப்புகள் நடத்தப்பட்டன. தடுப்பூசியைப் பற்றிய வாட்ஸ்அப் வதந்திகளைக் கண்டு கவலையுற்ற மாவட்ட நிர்வாகம் எடுத்த முயற்சி அது. நம் திருச்சபைக்கும் இது புதிதன்று. கொல்கத்தாவில் சேசு சபைக் குரு காஸ்டன் ரொபெர்ஜ் 'சித்ரபாணி'யை நிறுவியது 1970இல்.

பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு காணொளியைக் காட்டி, அதில் பேசப்படும் மொழி எது, கடைப் பலகையில் இருக்கும் எழுத்து எது, வண்டியின் பதிவெண் எந்த மாநிலத்தது, எவர் எடுத்தது, நமக்கு அனுப்பியவருக்கு இதனால் என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். நம் குடும்பங்களில் தந்தையின் கைப்பேசிக்கு வருவதைப் படித்துச் சொல்பவன் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைதான். காலையில் பேக்கரியில் தேநீரோடு தந்தை பேசப் போவது அவன் படித்துச் சொன்ன செய்தியே.

பெரியவர்களைத் திருத்துவது எப்படி என்பதையும் கற்றுக்கொடுத்தாக வேண்டும். உறவினர் குழுவில் 'மாமா, இது பொய்' என்று பலர் முன் போடுவதை விட, 'மாமா, இதை வேறோர் இடத்தில் இப்படிப் பார்த்தேனுங்க' என்று தனியே சொல்வது கொங்கு நாட்டுப் பிள்ளைக்குக் கைவந்த மரியாதை. மாமாவும் கேட்பார். பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நிகழும் என்று அன்பியக் குழுக்களில் வலம்வரும் புனிதர் படங்களிலிருந்தே இதனைத் தொடங்கலாம்; பயிற்சிக்குப் பஞ்சமிராது.

இதற்கென்று புதிய பாடவேளை தேடி அலைய வேண்டியதில்லை. நம் பள்ளிகளின் கால அட்டவணையில் மறைக்கல்விக்கும் நன்னெறிக் கல்விக்கும் இடமிருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் அதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தாளாளர்களாக இருப்போரில் பெரும்பாலோர் குருக்களே. அந்த வேளையைத் திருப்பித் தருவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.