ஓய்வு யாருடன்?

ஓய்வு என்பது உழைப்பு நின்றபின் எஞ்சும் நேரமா? அல்லது மனிதர் ஒருவரோடொருவர் கூடியிருப்பதற்கென ஒதுக்கப்பட்ட நேரமா? இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆயின் முன்னதை மணிக்கணக்கில் அளந்துவிடலாம். பின்னதை அவ்வாறு அளக்க இயலாது. இன்றைய வாழ்க்கை முறை முன்னதை நமக்கு வழங்கிக்கொண்டே பின்னதைப் பறித்து வருகிறது என்று நாம் கருதுகிறோம்.

ஓய்வு நேரம் உலகிற்குத் தானாக வந்து வாய்த்ததன்று. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி உறக்கம் என நாளை மூன்று கூறாக்க வேண்டுமென்று பிரிட்டனில் ராபர்ட் ஓவன் 1817-இல் வாதிட்டார். மெல்போர்ன் நகரக் கல்தச்சர்கள் 1856-இல் வேலையை நிறுத்திப் போராடி, கூலி குறையாமலே எட்டு மணி நேர வேலைநாளை வென்றனர். 1948-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம், தன் 24-ஆம் விதியில் ஓய்வை மனிதனின் உரிமை என அறிவித்தது. அதே ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்றும், ஒரு நாள் விடுமுறை என்றும் வரையறுத்தது.

இப்போராட்டங்கள் அனைத்தும் எண்ணிக்கையின் மொழியிலேயே பேசின. அதில் குற்றம் காண்பதற்கில்லை. பொழுது விடிந்தது முதல் அடையும்வரை உழைத்தவனுக்கு முதற்கண் தேவைப்பட்டவை மணிகளே. ஆனால் மணிகள் மட்டும் போதுமா? இவ்வினாவிற்கு விடை கூறும் சோதனை ஒன்று வரலாற்றில் நடந்திருக்கிறது.

1929-இல் சோவியத் அரசு ஏழு நாள் வாரத்தைக் கைவிட்டு, ஐந்து நாள் வாரத்தைப் புகுத்தியது. தொழிலாளர் ஐந்து பிரிவாக்கப்பட்டனர். பிரிவுக்கொரு நிறம் வழங்கப்பட்டது. ஒவ்வொருவரும் நான்கு நாள் உழைத்து ஐந்தாம் நாள் ஓய்ந்தனர். எந்நாளிலும் ஐவரில் நால்வர் வேலையில் இருந்தமையால் இயந்திரங்கள் நிற்கவே இல்லை. கணக்கின்படி தொழிலாளிக்கு இலாபமே: ஆண்டுக்கு 52 ஓய்வு நாள்கள் 72 ஆயின. எனினும் மக்கள் மகிழவில்லை. கணவனின் நிறம் ஒன்று, மனைவியின் நிறம் வேறொன்று என்றால், இருவரும் ஒருசேர வீட்டிலிருக்கும் நாள் எது? நண்பர் கூடுவது எப்போது? ஞாயிறும் சனியும் வெள்ளியும் பொருளிழந்தமையால் தேவாலயம் செல்வோரும் பள்ளிவாசல் செல்வோரும் ஒருங்கே தம் கூட்டத்தை இழந்தனர். 1931-இல் இம்முறை தளர்த்தப்பட்டு, அனைவருக்கும் பொதுவான ஓய்வு நாள் திரும்பியது. 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் மீண்டன.

நாள்கள் பெருகியும் ஓய்வு குன்றியது ஏன்? ஓய்வின் சுவை பெரும்பாலும் உடனிருப்போரால் விளைவது என்பதே காரணம். விருந்தும் உறவும் வழிபாடும் தனியொருவனால் ஆகக் கூடியவை அல்ல.

சோவியத் ஆணையால் நேர்ந்தது இன்று சந்தையின் விருப்பத்தால் நம்மிடையே நேர்கிறது. தமிழ்நாட்டில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள், ஆண்டின் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019-இல் அனுமதி வழங்கப்பட்டது. பின்னர் அது நீட்டிக்கவும் பட்டது. பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஆயின் அது முறைவைத்துத் தரப்படுவது. சென்னையில் அமெரிக்க நிறுவனத்திற்காக இரவெல்லாம் கணினி முன் அமர்ந்திருப்பவனுக்கும் ஓய்வு உண்டு; அவன் உறங்கும் வேளையில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். ஞாயிறன்று நம் வாசலில் உணவுப் பொட்டலத்தைக் கொடுத்துச் செல்லும் இளைஞனுக்குப் பிறருடைய ஓய்வு நாளே கடும் வேலைநாள். இவர்களின் விடுமுறையை எந்தச் சட்டமும் மறுக்கவில்லை. அவ்விடுமுறையில் அவர்களுடன் இருப்பதற்குத்தான் எவருமில்லை.

மருத்துவமனையும் இரயிலும் தீயணைப்பு நிலையமும் எந்நாளும் இயங்க வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும். உயிர் காக்கவும் ஊர் இயங்கவும் சிலர் தம் ஓய்வை விட்டுக்கொடுப்பது தொண்டு. அதற்குச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் நள்ளிரவில் ஒரு சட்டை வாங்க நமக்குள்ள வசதி அத்தகைய தேவையா? அவசியத்திற்காகச் செய்யும் தியாகத்தையும் வசதிக்காகப் பெறும் தியாகத்தையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது.

இக்கேள்வி நம் இல்லங்களுக்குள்ளும் வர வேண்டியதே. விடுமுறை நாளில் ஆடவர் கூடத்தில் கூடிப் பேசியிருக்க, அடுக்களையில் வேலை இருமடங்காகிறது. அன்று வீட்டுப் பெண்களுக்கு எந்த நிறம் வழங்கப்பட்டிருக்கிறது?

ஓய்வை உரிமையாக வென்று தந்தவர்கள் மணிகளைக் கேட்டார்கள். நாம் கேட்க வேண்டியது பொதுவான மணிகளை. அதற்குச் சட்டமும் தேவை. நம் வசதிகளிற் சிலவற்றைக் கைவிட நாமே இசைவதும் தேவை. ஞாயிறு மாலை மூடிய கடைக்கதவைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கு முன், அதன் பணியாளர் இந்நேரம் தம் மக்களோடு அமர்ந்திருப்பார் என்று எண்ணி மகிழ நாம் பழகிக்கொள்ள வேண்டும்.