அரசாங்கச் சொத்து

1913 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸுக்கு அருகே அடோல்ஃப் பெகூ, தான் ஓட்டிச்சென்ற விமானத்திலிருந்து பாராசூட்டோடு வெளியேறினார். ப்ளேரியோ கம்பெனியின் சோதனை விமானி, வயது 24. கைவிடப்பட்ட அந்தப் பழைய விமானம் நேரே கல்மாதிரி விழுந்துவிடவில்லை. ஓட்ட ஆளில்லாமலே புரண்டது, கவிழ்ந்தது, நிமிர்ந்தது. அதைப் பார்த்த பெகூவுக்கு, தலைகீழாகப் பறப்பதில் யந்திரத்துக்கு ஆட்சேபணை இல்லை, நமக்குத்தான் இருந்திருக்கிறது என்று பட்டது. கொட்டகையில் ஒரு விமானத்தைக் கவிழ்த்துவைத்து, அதில் தலைகீழாகத் தொங்கிப் பழகினார். செப்டம்பர் 1 அன்று கவிழ்ந்த நிலையில் பறந்தார். 21 அன்று ஆகாயத்தில் செங்குத்தாக முழு வட்டம் போட்டார்.

இதை வீரம் என்று சொல்லி முடித்துவிடலாம். (மேற்கொண்டு யோசிக்க வேண்டாதபோது நாம் உபயோகிக்கிற சொல் அது.) பெகூ செய்தது, ஆளற்ற யந்திரம் ஏற்கனவே காட்டிவிட்ட ஒரு உண்மைக்குத் தன் உடம்பைச் சாட்சியாக நிறுத்தியது. உண்மைக்கு இந்தச் சாட்சி வேண்டியதில்லை. நம்பாத மற்றவர்களுக்குத்தான் வேண்டும். பிறரது அவநம்பிக்கை ஒருவன் உயிரைப் பணயம் வைக்கப் போதிய காரணமா?

பெகூவுக்கு 12 நாள் முந்தி, செப்டம்பர் 9 அன்று, கீவ் நகரில் ருஷ்ய ராணுவ அதிகாரி ப்யோத்தர் நெஸ்தெரோவ் இதே வட்டத்தைப் போட்டுவிட்டிருந்தார். இவர் கணக்குப் போட்டவர். காற்றில் விமானத்துக்கு எந்தப் பக்கமும் தாங்கல் உண்டு என்பதைக் காகிதத்திலேயே கண்டவர். காகிதம் போதவில்லை. பறந்து காட்டியதற்கு மேலதிகாரிகள் 10 நாள் காவல் விதித்தார்கள். குற்றம்: அரசாங்கச் சொத்துக்கு ஆபத்து விளைவித்தது. பிறகு தண்டனை ரத்தாயிற்று, பதவி உயர்வும் வந்தது.

இந்தக் குற்றச்சாட்டைப் படித்துப் பலர் சிரிக்கிறார்கள். பேரேடுகளோடு ஜீவனம் நடத்துகிற எனக்கு அது நேர்மையான வாசகமாகத்தான் படுகிறது. யந்திரத்துக்கு விலை உண்டு, தேய்மானம் உண்டு, பற்று எழுத இடம் உண்டு. ஆளை எந்தத் தலைப்பில் எழுதுவது? இடமில்லாததாலேயே அந்தச் சில நிமிஷங்களுக்கு அவருடைய உயிர் அவருடையதாக இருந்திருக்கிறது. யந்திரம் எங்களுடையது, கழுத்து உன்னுடையது என்று, தண்டித்தவர்களே தெரியாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு வருஷந்தான். 1914 செப்டம்பரில், கலீஷியாவில் ழோவ்க்வா என்ற ஊர்ப்பக்கம், நெஸ்தெரோவ் தன் விமானத்தை ஓர் ஆஸ்திரிய விமானத்தின் மேல் மோதினார். இரண்டும் விழுந்தன. அவரும் இறந்தார், அதிலிருந்தவர்களும் இறந்தார்கள். யந்திரம் அடியோடு நாசமான இந்தத் தடவை அவருக்குக் கிடைத்தது விருது. 1951இல் சோவியத் அரசு அந்த ஊருக்கே அவர் பெயரை வைத்தது. (1992இல் பழைய பெயர் திரும்பிவிட்டது.) பெகூவை 1915 ஆகஸ்ட் 31 அன்று பெல்ஃபோர் அருகே ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். வயது 26.

வட்டம் போட்ட துணிச்சலும் மோதிய துணிச்சலும் ஒன்றே என்று வாழ்க்கைச் சரித்திரக்காரர்கள் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வட்டம் போட்டவன் இறங்கியாக வேண்டும். இறங்கினால்தான் சாட்சி செல்லும். அவன் பிழைப்பது அந்தச் செயலின் ஓர் அங்கம். மோதியபோதும் நெஸ்தெரோவ் பிழைக்கவே எண்ணியிருக்கலாம். ஆனால் அவரை அனுப்பியவர்களின் கணக்கு, அவர் பிழைக்காமலே நேராகிவிட்டது.