ஈரம் பார்க்கும் மெஷின்

பெரம்பலூரில் ஒரு ஜிம்மில் சேர்ந்த அன்று வெறுங்காலோடு ஒரு மெஷின்மேல் ஏறி நின்றேன். 'கொழுப்பு 31.4 சதவீதம்' என்றது. மே மாத வெயிலில் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்த தாகம்கூட அப்போது தணியவில்லை. அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். "என்னடா, வயிறு சரியில்லையா?" என்று அம்மா கேட்டபோது ஆமாம் என்று பொய் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரே நாளில் இரண்டு தடவை ஏறினேன். காலையில் 30.6, சாயங்காலம் 27.9. ஒரு பகலுக்குள் அவ்வளவு கொழுப்பு யாருக்கும் கரையாது.

அந்த மெஷின் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. ஒரு காலில் நுழைந்து மறு காலில் வெளியேறும் மெல்லிய மின்சாரத்துக்கு உடம்பு எவ்வளவு தடை தருகிறது என்று மட்டும் அளக்கிறது. தசையில் நீர் அதிகம், தடை குறைவு, கொழுப்பில் நேர்மாறு. மிச்சமெல்லாம் உயரம், எடை, வயது சேர்த்துப் போடும் கணக்கு. உடம்பில் நீர் வற்றினால் தடை ஏறும். கணக்கு அதைக் கொழுப்பில் எழுதிவிடும். பகலெல்லாம் நின்றால் நீர் காலுக்கு இறங்கும், எண்ணும் இறங்கும். இடுப்புக்கு மேலே பெரும்பாலும் ஊகம்தான்.

அப்பா மக்காச்சோளம் விற்கும் வியாபாரியிடமும் ஈரம் பார்க்க ஒரு மெஷின் உண்டு. அதுவும் மின்சாரத்தை வைத்துத்தான் கணிக்கிறது. 19 காட்டினால் விலை விழும். அப்பா அசரமாட்டார். "மேலாக்க அள்ளுனா எப்படிங்க? வேற மூட்டையில எடுத்து இன்னொரு தடவை வைங்க" என்பார். 17 காட்டும். அவர் பத்தாவது வரை படித்தவர். இன்ஜினியரிங் படித்த நான் ஒரே தடவை ஏறி இறங்கி, தீர்ப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிழை உண்டு என்று தெரிந்தால் நிம்மதியாகிவிடலாமா? 2004இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. எக்ஸ்கதிர் முறையில் பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வேறு மக்களின் உடம்பை வைத்துப் போட்ட சூத்திரம் நம்மைக் கூட்டியும் சொல்லலாம், குறைத்தும் சொல்லலாம். ஒல்லியான ஒருவரை 'நீ நல்லாத்தான் இருக்க' என்று அனுப்பிவைப்பதும் பிழைதான்.

அப்படியானால் பொய் சொன்னது யார்? மெஷின் தடையைத்தான் சொன்னது. ஊகத்துக்குத் தசமப்புள்ளி வைத்து 'சுமார்' என்ற சொல்லை மறைத்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. அந்தச் சொல்லைக் கேட்காமல் இறங்கி வந்த எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது மாதம் ஒருமுறை, அதே மெஷினில், அதே நேரத்தில் ஏறுகிறேன். நாலு மாத எண்களைச் சேர்த்து வைத்துத்தான் எதையும் நம்புகிறேன். ராத்திரி சாப்பிடுகிறேன். அம்மாவிடம் மட்டும் உண்மையை இன்னும் சொல்லவில்லை.