இடம் கொடுத்த ஆலயம்

தியானப் பகுதி: லூக்கா 2:1-20, பிலிப்பியர் 2:5-8

கிறிஸ்மஸ் காலத்தில் எல்லாச் சபைகளிலும் வாசிக்கப்படும் லூக்காவின் அதிகாரத்தில் ஒரு மௌனம் உண்டு. தங்குவதற்கு இடம் கிடைக்காத ஒரு தாய், பிறந்த குழந்தையை முன்னணையில் உறங்க வைத்ததைச் சுவிசேஷகன் ஒரே வசனத்தில் சொல்லி முடிக்கிறார். சத்திரக்காரனைக் குறித்து ஒரு வார்த்தையும் இல்லை. அவன் கொடியவன் என்று வேதம் கூறவில்லை. சத்திரம் ஏற்கெனவே நிறைந்திருந்தது, அவ்வளவுதான். கிறிஸ்துவுக்கு இடமில்லாமற்போவதற்குப் பகைமை தேவையில்லை, நிறைந்திருந்தாலே போதும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவக் கிராமத்தில் நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் விக்ரம் சாராபாய், ராக்கெட் ஏவுவதற்கு ஏற்ற இடத்தைத் தேடினார். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால், உயர் வளிமண்டலத்தை ஆராயத் தும்பா மிகப் பொருத்தமாயிருந்தது. ஆனால், அங்கே மீனவர்களின் வீடுகளும், அவர்கள் கூடி ஜெபித்த புனித மகதலேனா மரியாள் ஆலயமும் இருந்தன.

ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராவைச் சாராபாய் சந்தித்தார். ஆயர் உடனே விடை கூறாமல், ஞாயிறு ஆராதனைக்கு வரும்படி அழைத்தார். அன்று சபையார் முன்னிலையில், விஞ்ஞானமும் ஆன்மீகமும் மனிதனின் நன்மையையே நாடுகின்றன என்று எடுத்துரைத்து, தேவனுடைய இல்லத்தை இப்பணிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். சபையார் 'ஆமென்' என்றனர். இதனை டாக்டர் அப்துல் கலாம் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆலயமே விஞ்ஞானிகளின் முதல் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து எழும்பியது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆயர் கட்டளையிடவில்லை, கேட்டார். இழக்கப்போகிறவர்களிடமே கேட்டார். கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாய்க் கொடுப்பதையே தேவன் விரும்புகிறார் என்பது அப்போஸ்தலனாகிய பவுலின் போதனை (2 கொரிந்தியர் 9:7).

இரண்டாவது, அந்த ஆமென் விலையுள்ளது. ஞானஸ்நானமும் திருமணமும் நடந்த இடம் அது. கடலை நம்பிப் பிழைப்பவன் கரையை விட்டுப் பெயர்வது, வெறுமனே வீடு மாறுவது அன்று. செலவின்றிக் கிடைத்ததைக் கர்த்தருக்குப் பலியிடத் தாவீது மறுத்தான் (2 சாமுவேல் 24:24). தும்பாவின் மக்களும் மிச்சமானதைக் கொடுக்கவில்லை.

மூன்றாவது, கொடுத்தவர்கள் எளியவர்கள். பெத்லகேமிலும் நற்செய்தி முதலில் இராக்காவல் காத்த மேய்ப்பருக்கே வந்தது. எளியோரின் இந்த ஈகை அத்துடன் நின்றுவிடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளின் மீனவர் பலரைப் பறித்தது. அவ்வாண்டின் கிறிஸ்மஸ் அநேக வீடுகளில் துக்கநாளாயிற்று. ஆயினும், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதே கரையின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, முன்பின் அறியாத மக்களை மீட்டனர்.

ஆனால் ஊருக்கு இடம் கொடுத்த கரைக்கு ஊர் இடம் கொடுத்ததா? வலியதுறை போன்ற பகுதிகளில் கடலரிப்பால் வீடிழந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் தங்கியிருந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் கிறிஸ்மஸ் குடிலில் பார்த்த முன்னணையை வாழ்க்கையிலும் கண்டார்கள். தும்பாவின் தியாகத்தைப் பாராட்டிவிட்டு இவர்களை மறக்கும் சபை, நட்சத்திரத்தைப் பார்த்தும் பெத்லகேமுக்குப் போகாத சபையாகும்.

எல்லா ஈகைக்கும் முன்மாதிரி கிறிஸ்துவே. தேவனுக்குச் சமமாயிருந்தும் அந்த மேன்மையைப் பற்றிக்கொள்ளாமல், அடிமையின் நிலைக்குத் தாழ்ந்தார். மனிதன் அவருக்கு இடம் மறுப்பதற்கு முன்னரே, மனிதனுக்காகத் தம்முடைய இடத்தை விட்டு வந்தார். ஆகவே, விசுவாசி கொடுப்பது இரட்சிப்பைச் சம்பாதிப்பதற்கு அன்று; பெற்ற கிருபைக்குப் பதிலாகவே கொடுக்கிறான்.

அன்பானவர்களே, எல்லாச் சபையும் ஆலயத்தையே கொடுக்கும்படி அழைக்கப்படவில்லை. ஆனால், வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் உண்டு. வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளும் உண்டு. திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையத்திற்குக் கன்னியாகுமரி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து, இரவு தங்க இடம் தேடுவோர் உண்டு. அலங்கார விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன், இவர்களில் ஒருவருக்காவது கதவு திறக்கப்படட்டும். கேட்கும் போதகரும், ஆமென் சொல்லும் சபையும் இருக்குமிடத்தில் இம்மானுவேலருக்கு இடமுண்டு.