தகடூரிலிருந்து சுவான்சௌ வரை

பண்பாட்டுப் பரிமாற்றப் பயணம் என்பது, ஒரு நாட்டின் மாணவர்கள் வேறொரு நாட்டின் பள்ளியில் அங்குள்ளவர்களோடு அமர்ந்து பயின்று, பின்னர் அவர்களையும் தம் ஊருக்கு வரவேற்கும் இருவழி ஏற்பாடாகும். 2022 நவம்பரில் தமிழக அரசுப் பள்ளி மாணவர்கள் ஷார்ஜா பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டது மனமாரப் போற்றத்தக்கதே எனினும், கண்டு திரும்புவதைவிட உடனமர்ந்து பயில்வது ஆழமானது. அதியமானின் தகடூராகிய தருமபுரியின் மேனிலைப் பள்ளி மாணவர்கள் சீனப் பள்ளியொன்றில் சில நாள் பயில நேர்ந்தால், பாட இடைவேளையில் கண்களைச் சுற்றி விரல்களால் அழுத்திச் செய்யும் கண் பயிற்சியையும், நண்பகல் உணவுக்குப் பின் மேசையிலேயே தலைசாய்த்து உறங்கும் வழக்கத்தையும், ஜூன் மாதத்தில் நடைபெறும் 'காவ்காவ்' எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எண்ணி இரவு வரை படிக்கும் பதின்ம வயதினரையும் காண்பர். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எதிர்நோக்கும் அவர்களுக்கு அந்தக் கவலையைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அத்தகைய பயணம் ஃபூஜியன் மாகாணத்தின் துறைமுக நகரான சுவான்சௌவுக்கு அமைவது மிகப் பொருத்தமாகும். ஏனெனில் அங்குக் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானின் திருமேனியை எழுந்தருளச் செய்ததைக் கூறுவதோடு, இறுதியில் சீன எழுத்துகளையும் கொண்டுள்ளது.