நிமிர்வும் இருப்பும்

ஆவணி மகோற்சவ காலத்தில் முன்னேஸ்வரம் கோயில் வீதி நண்பகலில் கொதிக்கும். அடியார்கள் காலை மாற்றி மாற்றி வைத்து நிழலுக்கு விரைவார்கள். அந்தச் சூடு தெரியாத பாதங்களும் கூட்டத்தில் உண்டு. முள்ளந்தண்டு பிளந்திருக்கும் ஸ்பைனா பைஃபிடா என்ற பிறவிக் குறையோடு பிறந்தவர்களில் பலருக்குக் காலில் உணர்வு குறைவு. சிலருக்கு அறவே இல்லை. வாசலில் செருப்போடு கால் தாங்கியையும் கழற்றிவிட்டு உள்ளே போகிறவருக்குக் கொப்புளம் கண்டது தெரியவருவது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான்.

உணர்வில்லாத தோலை இன்னொருவர் கண் காக்க வேண்டியிருக்கிறது. இதை எழுதி வைக்கத் தோன்றியது.

✻

இங்கே கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரை 28 நாள் திருவிழா. கருவில் முண்ணாணாக வளர வேண்டிய குழாய் மூடி முடிவதற்கும் ஏறக்குறைய அத்தனை நாள்தான். தான் தாயாகப் போவதை ஒரு பெண் அறியும் முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. எங்கோ ஓரிடம் மூடாமல் நின்றால் முள்ளந்தண்டு அங்கே பிளந்திருக்கும். கடுமையான வகையில் நரம்புகள் வெளித்தள்ளிப் பழுதுபடும். அந்த மட்டத்துக்குக் கீழே தசையும் உணர்வும் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்படும்.

இராவணனை வதைத்துத் திரும்பிய இராமரைத் தொடர்ந்து வந்த பிரமகத்தி தோஷம் இவ்விடத்தில் நின்றதாகத் தலக்கதை சொல்கிறது. தோஷம் நீங்கிய ஊர் என்பதால் பிள்ளையின் முதுகைக் காட்டிப் பரிகாரம் கேட்பவர்களும் வருகிறார்கள். கிரகணத்தைப் பார்த்தாயா, போன பிறப்பில் என்ன செய்தாயோ என்று தாயைக் கேட்கும் உறவுகளும் இருக்கின்றன. அந்தத் தாய் எந்தப் பாவமும் செய்யவில்லை. பரம்பரைக் கூறுகளும் ஃபோலிக் அமிலக் குறைவும் இன்னும் சில காரணங்களும் சேர்ந்து நடப்பது இது. ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மாருக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடி நிகழும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்ததென்று 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. பரிகாரம் தேடி வருபவருக்கு நாம் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அதுதான்: மாத்திரையைக் கல்யாணமான உடனேயே தொடங்குங்கள், பழியை இறக்கி வையுங்கள்.

✻

பிறந்த பிள்ளை வளர்ந்து நாற்பது வயதை எட்டும்போது என்ன ஆகிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

முதுகை இருபுறமும் பிடித்து நிறுத்தும் தசைகள் ஒத்த பலத்தோடு இல்லாதபோது முள்ளந்தண்டு மெல்லப் பக்கவாட்டில் வளைகிறது, வளைந்தபடியே முறுக்கிக்கொள்கிறது. இதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். ஸ்பைனா பைஃபிடாவின் கடுமையான வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. பிளவு நெஞ்சு மட்டத்தில் இருந்தால் பெரும்பாலோருக்கு வந்துவிடும். வளர்ச்சி நின்ற பிறகும் பெரிய வளைவுகள் கூடக்கூடும். வளைவோடு இடுப்பெலும்பும் சாய்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழுப் பாரமும் ஒரு பக்கத்துப் பிருஷ்டத்தில் இறங்குகிறது. அங்கேயும் உணர்வில்லை. காலில் கொப்புளம் வந்ததுபோல அங்கே புண் வருகிறது. பாதத்துப் புண்ணைவிட ஆழமாக, எலும்பு வரைக்கும். வளைவு மிகுந்தால் நுரையீரலுக்கும் இடம் போதாது.

✻

வீதியோரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். இடது உள்ளங்கையை ஆசனத்தில் அழுத்தி ஊன்றியிருந்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

“முதுகு நோகுதா அக்கா?”

“முதுகு பரவாயில்லை தம்பி. கைதான் அலுத்துப்போகுது. குந்தியிருக்கிறதுக்கே ஒரு கை போயிடுது.”

சுவாமி வந்தபோது எல்லோரும் கைகூப்பினார்கள். அவர் வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். இடது கையை எடுத்தால் சரிந்துவிடுவார்.

✻

நம் சைவ மரபில் கூன் நிமிர்ந்த கதை உண்டு. கூன் பாண்டியன் வெப்பு நோய் தீர்ந்து, சம்பந்தர் வாக்கால் கூனும் நிமிர்ந்து, நின்றசீர் நெடுமாறன் என்று அறுபத்துமூவரில் ஒருவராகிறான். சிறுவயதில் கேட்ட நாள் முதல் எனக்குப் பிடித்த கதை. ஆனால் அதை மட்டுமே கேட்டு வளர்ந்த மனம், நிமிர்வதொன்றே அருள் என்று எண்ணப் பழகிவிடுகிறது. நிமிராத முதுகைக் கண்டால், அருள் எட்டாத முதுகாக அதை நினைக்கிறது.

மருத்துவமும் நெடுநாள் அப்படித்தான் பார்த்தது. ஜோன் கோப் 1948இல் விவரித்த முறைப்படி எக்ஸ்ரேயில் கோடிழுத்து வளைவின் கோணத்தை அளக்கிறார்கள். பயனுள்ள அளவுதான். ஆனாலும் எத்தனை மணி நேரம் ஒருவர் புண்ணில்லாமல் இருக்கலாம், எத்தனை கை அவருக்கு மிச்சம் என்பதை அந்தக் கோணம் சொல்லாது. உலோகக் கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சை சிலருக்கு நல்ல ஆசனத்தைத் தருகிறது. ஆனால் பிளவை மூடச் செய்த அறுவை சிகிச்சையால் முதுகுத் தோல் தழும்பாக இருப்பதால் கிருமித்தொற்று அபாயமும் அதிகம். முதுகு விறைத்துவிட்ட பிறகு, கொஞ்சம் நடந்தவருக்கு நடை கடினமாகலாம். தானே குனிந்து சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு அது எட்டாமல் போகலாம். எது வேண்டும் என்பதை அந்த உடம்பில் வாழ்பவரே தீர்மானிக்க வேண்டும்.

✻

இந்தப் பிளவோடு பிறந்தவர்கள் நடுவயதை எட்டுவதே புதிய செய்தி. மூளையில் நீர் சேர்ந்து இத்தகைய குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலத்தில், 1956இல், ஜோன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கத் தொழிலாளி ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்த தன் மகன் கேசிக்காக அந்த நீரை வடிக்கும் வால்வு ஒன்றைச் செய்தார். மகன் நெடுநாள் இருக்கவில்லை. அந்த வால்வால் பிழைத்த பிள்ளைகள் உலகெங்கும் பெரியவர்களானார்கள். குழந்தை மருத்துவரின் அறையைவிட்டு வெளியே வந்த அவர்களைப் பொறுப்பேற்க, முதுகு, சிறுநீரகம், தோல், மூளை வால்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு கிளினிக் செல்வந்த நாடுகளிலும் அரிதாகவே இருக்கிறது.

✻

இலங்கையில் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்களைப் போன்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமையைக் காக்கிறது, கட்டடங்களுக்குள் நுழையும் வசதி பற்றி 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் ஏற்றது. எழுத்தில் இருப்பது வீட்டுக்கும் வீதிக்கும் வர நாம் செய்யக்கூடியவை சிறியவை. சாய்ந்த இடுப்புக்கேற்ற மெத்தையும், விலாவைத் தாங்கும் பக்க அணையும். பதினைந்து இருபது நிமிடத்துக்கொருமுறை பாரத்தை மாற்றிக் கொடுப்பது. இரவில் கண்ணாடி பிடித்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. வளைவு திடீரென்று கூடினாலோ, காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர்ப் பழக்கம் மாறினாலோ வயதாகிறது என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் போவது. முண்ணாண் இழுபட்டிருக்கலாம், வால்வு பழுதாகியிருக்கலாம். கோயிலில் சாய்தளமும் நிழற்பந்தலும்.

நிமிர்த்துவது அருள் என்றால் தாங்குவதும் அருள். முன்னது எப்போதாவது, யாருக்கோ கிடைக்கிறது. பின்னதைத் தர நம் கையே போதும். ஆகவே அந்த அக்காவின் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அவருடைய இடது கையை விடுவிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள்.